அரைக்கிலோ ஹெட்செட் ஒன்றரைக் கிலோவாகக் கனப்பது ஏன்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கணினியின் துணையில்லாமல் தானே இயங்கும், மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் (விஆர்) ஹெட்செட் ஒன்றை வாங்கியவருக்கு அரை மணி நேரத்துக்குள் நெற்றியும் கன்னமும் வலிக்கின்றன. சற்று நேரத்தில் பிடரியும் இறுகிவிடுகிறது. 200 கிராம் கைபேசிக்குள் திரை, சிப், பேட்டரி, கேமரா எல்லாம் அடங்கிவிடும்போது ஹெட்செட் மட்டும் ஏன் அரைக்கிலோவை விட்டு இறங்க மறுக்கிறது, கையில் இருப்பதைக் கொண்டு இப்போதைக்கு என்ன செய்துகொள்ளலாம் என்று அவர் கேட்கிறார்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. 2016-இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட் 470 கிராம். 2019-இல் வந்த முதல் குவெஸ்ட் 571 கிராம். 2020-இன் குவெஸ்ட் 2 503 கிராம். 2023-இன் குவெஸ்ட் 3 515 கிராம். ரிஃப்டில் கணிப்பியும் (கணக்கிடும் சிப்) பேட்டரியும் கிடையாது, அவற்றின் வேலையெல்லாம் வடத்தின் மறுமுனையிலிருந்த கணினியில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாலும், எண்களை மட்டும் படிப்பவருக்கு ஏழு ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் முதல் குவெஸ்டையும் குவெஸ்ட் 3-ஐயும் அடுத்தடுத்து அணிந்து பார்ப்பவருக்கு எடையிலிருக்கும் 56 கிராம் வித்தியாசத்தைக் காட்டிலும் பெரிய வித்தியாசம் கழுத்தில் தெரியும். எடை எங்கே தொங்குகிறது என்பதே அதற்குக் காரணம்.

நம் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ளது. முதுகெலும்பின் உச்சியில், காதுகளுக்குச் சற்றுக் கீழே உள்ள மூட்டின் மீது அது அமர்ந்திருக்கிறது. தலையின் எடைமையம் அந்த மூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதால், ஹெட்செட் எதுவும் இல்லாமலே தலை முன்பக்கம் சாயத்தான் பார்க்கும். பிடரித் தசைகள் நாள் முழுவதும் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இதன் மீது முகத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை மாட்டினால் என்ன ஆகும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 515 கிராமில் 400 கிராம் முன்பக்கப் பெட்டியில் இருக்கிறது என்றும், அதன் எடைமையம் மூட்டிலிருந்து 14 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். திருப்புத்திறன், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் சாய்க்கும் விளைவு, 5,600 கிராம்-செ.மீ. இதை ஈடுகட்டும் தசைகள் மூட்டுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில் பற்றியிருக்கின்றன என்றால், அவை கூடுதலாக 1,100 கிராமுக்கு மேல் இழுக்க வேண்டும். ஹெட்செட்டின் எடையையும் தசையின் இழுவிசையையும் சேர்த்துக் கழுத்தெலும்பு தாங்கும் கூடுதல் சுமை ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. குடமும் தண்ணீரும் மாறவில்லை.

ஆகவே வடிவமைப்பாளருக்கு வழிகள் மூன்று: முன்பக்க எடையைக் குறைப்பது, அந்த எடையை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது, பின்பக்கம் எதிர் எடை வைப்பது. கடந்த பத்தாண்டுகளில் பெரிய பலன் கிடைத்தது இரண்டாவது வழியில்தான். அதைச் சாத்தியமாக்கியது லென்ஸ்.

திரையைக் கண்ணுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் வைத்தால் எவராலும் அதன் மீது பார்வையைக் குவிக்க முடியாது. இடையில் ஒரு குவிலென்ஸை வைத்து, பிம்பம் ஒன்றரை, இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்க வேண்டும். அதற்குத் திரை ஏறத்தாழ லென்ஸின் குவியத் தொலைவில் இருந்தாக வேண்டும் என்பதால், லென்ஸுக்கும் திரைக்கும் இடையே சில சென்டிமீட்டர் வெற்றிடம் தவிர்க்க முடியாததாகிறது. கைபேசியோடு ஒப்பிடுவது பொருந்தாமல் போவதும் இந்த இடத்தில்தான். கைபேசி ஒரு பலகை. ஹெட்செட்டோ பெரும்பாலும் காற்று நிறைந்த ஒரு கூடு. முகத்தின் அகலம் முழுவதையும் மூடி வெளிச்சத்தைத் தடுக்க வேண்டிய கூடு. அந்தக் கூடு வளையவும் கூடாது. இரண்டு லென்ஸ்களில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறிதளவு மேலே ஏறிவிட்டாலும் இரு கண்களின் காட்சிகளும் ஒன்றுசேர மறுக்கும், தலைவலி வரும். ஆகவே உள்ளே உறுதியான சட்டம் தேவைப்படுகிறது, அதற்கும் எடை உண்டு.

முந்தைய தலைமுறையினவற்றில் பெரும்பாலானவை ஃபிரெனெல் லென்ஸைப் பயன்படுத்தின. தடித்த குவிலென்ஸின் வளைபரப்பை வட்ட வட்டமான வரிகளாக வெட்டித் தட்டையாக்கியது அது. லென்ஸின் பருமன் குறைந்ததே தவிர, லென்ஸுக்கும் திரைக்கும் இடையிலான தூரம் குறையவில்லை. அந்தத் தூரத்தை மடித்துச் சுருக்கியது பான்கேக் லென்ஸ். திரையிலிருந்து புறப்படும் ஒளி முதலில் பாதி எதிரொளிக்கும் பூச்சு கொண்ட ஒரு பரப்பைக் கடக்கிறது. கண்ணின் பக்கத்தில், தளவிளைவைப் பொறுத்து (ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து) ஒளியை அனுமதிக்கவோ திருப்பி அனுப்பவோ செய்யும் ஒரு படலம் இருக்கிறது. அது முதல் முறை வரும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிய ஒளி பூச்சில் பட்டு மறுபடியும் கண்ணை நோக்கி வரும்போது அதன் தளவிளைவு மாறியிருப்பதால், இம்முறை படலம் வழிவிடுகிறது. ஒரே இடைவெளியை ஒளி மூன்று முறை கடப்பதால், நீண்ட பாதை குறுகிய இடத்தில் அடங்கிவிடுகிறது. குவெஸ்ட் 3-இன் ஒளியியல் பகுதி குவெஸ்ட் 2-இனுடையதைவிட 40 சதவீதம் மெலிந்தது என்று அவற்றைத் தயாரித்த மெட்டா (முன்பு ஃபேஸ்புக்) அறிவித்தது. மேலே போட்ட கணக்கில் 14 செ.மீ. என்பதை 12 ஆக்கினால் எடையில் ஒரு கிராமும் குறைக்காமலே திருப்புத்திறன் 800 கிராம்-செ.மீ. இறங்குகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். பாதி எதிரொளிக்கும் பூச்சை ஒளி இரண்டு முறை சந்திக்கிறது; ஒவ்வொரு முறையும் பாதி வீணாகிறது. எனவே குறையே இல்லாத லென்ஸாக இருந்தாலும் கால் பங்குக்கு மேல் கண்ணுக்குக் கிடைக்காது. திரவப் படிகத் திரையிலிருந்து வரும் ஒளி முன்பே தளவிளைவு அடைந்தது என்பதால் அதற்கு இந்தக் கால் பங்காவது கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் ஒளி அப்படிப்பட்டதல்ல. அதில் பாதியை நுழைவாயிலிலேயே வடிகட்டிவிட வேண்டியிருப்பதால், மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. போதாததற்கு, தலையைத் திருப்பும்போது காட்சி இழுபடாமல் இருக்க, திரை ஒவ்வொரு சட்டகத்திலும் (அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்திலும்) சிறு பகுதி நேரம் மட்டுமே ஒளிர்ந்து அணைகிறது. இழந்த வெளிச்சத்தை ஈடுகட்டத் திரையைப் பல மடங்கு பிரகாசமாக எரியவிட்டால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், சூடு ஏறும், சூட்டை வெளியேற்ற உலோகத் தகடும் விசிறியும் வேண்டும். லென்ஸில் மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

பேட்டரியைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. அதைக் கழற்றிச் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டால் பாரம் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குவெஸ்ட் 3-இன் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளளவு கொண்டது. இன்றைய லித்தியம் மின்கலங்கள் கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தருகின்றன என்று கொண்டால், அந்தப் பேட்டரியின் எடை 80 கிராமுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. அதை முழுதாக எடுத்துவிட்டாலும் 515 என்பது 435 ஆகும், அவ்வளவே. 2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ இதற்குக் கண்கூடான சான்று. 353 கிராம் எடையுள்ள அதன் பேட்டரி வடத்தின் முனையில் தனியாகத் தொங்குகிறது; அப்படியும் தலையில் ஏறும் பகுதி 600 முதல் 650 கிராம். அலுமினியச் சட்டம், முன்பக்கம் முழுக்க வளைந்த கண்ணாடி, அணிந்திருப்பவரின் கண்களை எதிரே இருப்பவருக்குக் காட்டுவதற்கென்றே வெளிப்புறத்தில் ஒரு திரை என்று எல்லாமே முகத்துக்கு முன்னால் குவிந்திருக்கின்றன. அந்த வெளித்திரையை நான் தேவையற்ற ஆடம்பரமாகவே கருதுகிறேன். கழுத்திலிருந்து மிகத் தொலைவான இடத்தில் கண்ணாடியை வைப்பதற்கு இதைவிடப் பலவீனமான காரணம் கிடைப்பது அரிது.

அதே நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அடுத்த பதிப்பில் செய்ததுதான் இந்த விவாதம் முழுவதிலும் எனக்குச் சுவையான பகுதி. புதிய தலைப்பட்டையின் பின்புறக் கீழ்வாரில் டங்ஸ்டன் துண்டுகளை வேண்டுமென்றே வைத்துத் தைத்தார்கள். பாறையைப் போலக் கனக்கும் உலோகம் அது. அடர்த்தியில் ஈயத்தையும் மிஞ்சியது. அறிவிக்கப்பட்ட எடையும் 750–800 கிராமாக ஏறியது. எடையைக் கூட்டியதற்குக் காரணம் வசதி என்பதை, கிராம் கணக்கு ஒன்றையே பார்ப்பவரால் விளங்கிக்கொள்ள முடியாது. மூட்டுக்குப் பின்னால் 10 செ.மீ. தூரத்தில் வைக்கும் 150 கிராம், முன்பக்கத் திருப்புத்திறனில் 1,500 கிராம்-செ.மீ. அளவைக் கழித்துவிடுகிறது, தசை இழுக்க வேண்டிய 300 கிராம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இரவுப் பார்வைக் கருவியைத் தலைக்கவசத்தின் முன்னால் மாட்டிக்கொள்ளும் ஹெலிகாப்டர் விமானிகள் கவசத்தின் பின்னால் எதிர் எடை வைத்துக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

டங்ஸ்டனுக்குப் பதில் எப்படியும் சுமக்க வேண்டிய பேட்டரியையே பின்னால் வைப்பது இன்னும் சிக்கனமான வழி. 2022-இல் வந்த பிகோ 4 அப்படித்தான் அமைந்தது: மொத்தம் 586 கிராம், அதில் பட்டையும் பேட்டரியும் நீங்கிய முன்பகுதி 295 கிராம்தான். வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேமிலும் பேட்டரி பின்னால்தான் இருக்கிறது: மொத்தம் 440 கிராம், முன்பகுதி 185 கிராம். இதிலும் குறைகள் உண்டு. சாய்வு நாற்காலியிலோ படுக்கையிலோ தலையைச் சாய்த்துப் படம் பார்க்க நினைப்பவருக்குப் பின்னாலிருக்கும் பேட்டரி பெரும் இடைஞ்சல். பின்கொண்டை போட்டவர்களுக்கும் அது சரியாக உட்காராது. இன்னொரு குறை நுட்பமானது. திருப்புத்திறன் சமன்பட்டாலும் தலையின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலத் தொடங்குவதையும் நிற்பதையும் எதிர்க்கும் தன்மை, கூடிவிடுகிறது. அசையாமல் இருக்கும்போது தெரியாத அந்தப் பாரம், வேகமாக இடமும் வலமும் திரும்பும் விளையாட்டுகளில் தலை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் செல்வதுபோன்ற உணர்வைத் தரும்.

எடையை உண்மையிலேயே வெட்டியவர்கள் எவற்றைத் துறந்தார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். 2023-இல் வந்த பிக்ஸ்கிரீன் பியாண்ட் 127 கிராம் எடையுள்ளது. 2025-இல் வந்த இரண்டாம் பதிப்பு 107 கிராம். இந்த எண்கள் பட்டையைச் சேர்க்காதவை. சிலிக்கான் தகட்டின் மீதே உருவாக்கப்படும், ஓர் அங்குல அளவிலான மைக்ரோ ஓஎல்இடி திரைகளை அது பயன்படுத்துகிறது. திரை சிறியதானால் அதற்கேற்பக் குறுகிய குவியத் தொலைவு போதும், அதனால் பெட்டியும் மெலிகிறது. ஆனால் அதற்குள் கணிப்பி இல்லை, பேட்டரி இல்லை, தன் இருப்பிடத்தைத் தானே அறியும் கேமராக்களும் இல்லை. வலுவான கணினியோடு வடத்தால் பிணைந்திருக்க வேண்டும். அறையின் மூலைகளில் வழிகாட்டும் லேசர் நிலையங்களைப் பொருத்தியாக வேண்டும். முதல் பதிப்பில் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை மாற்றியமைக்கும் பொறிகூட எடைக்காகக் கைவிடப்பட்டது. வாங்குபவரின் அளவுக்கு ஏற்பவே செய்து அனுப்பினார்கள். முகத்தில் படும் மெத்தையும் ஐபோனால் முகத்தை ஸ்கேன் செய்து ஒவ்வொருவருக்கும் தனியாக வார்க்கப்பட்டது. ஒருவருக்கென்று தைத்த செருப்பாக அது மாறிவிட்டதால் வீட்டில் இன்னொருவர் மாட்டிக்கொள்ள முடியாது. ஒருவர் மட்டுமே நாள்தோறும் பல மணி நேரம் பயன்படுத்துவதானால் இது மிகச் சரியான பேரம். இருபது மாணவர்கள் மாறி மாறி அணியும் பயிற்சிக் கூடத்துக்கு அறவே ஆகாது.

சுமார் 80 கிராமில் கிடைக்கும் காட்சிக் கண்ணாடிகள் வேறு வகை. அவற்றின் பார்வைக் கோணம் ஹெட்செட்டினதில் பாதியளவுக்கே எட்டும். கண்முன் ஒரு பெரிய திரை தெரியும், ஓர் உலகத்துக்குள் இருக்கும் உணர்வு வராது. ஆய்வுக்கூடங்களில் இதைவிட மெல்லியவை உண்டு. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் 2020-இல், ஹோலோகிராம் படலங்களையே லென்ஸாக்கி, 9 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள ஒளியியல் அமைப்பு ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதற்கு லேசர் ஒளி தேவைப்படுகிறது. கடைக்கு வரும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

கழுத்தை விட்டு முகத்துக்கு வருவோம். கேள்வி கேட்டவருக்கு முதலில் வலித்ததும் முகம்தான். வலியைத் தீர்மானிப்பது அழுத்தம், அதாவது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. மென்மையான துணிப்பட்டை கொண்ட ஹெட்செட்டில் பெட்டி கீழே சரியாமல் இருக்கக் காரணம், அதை முகத்தோடு சேர்த்து இறுக்கும் விசை உண்டாக்கும் உராய்வே. முன்பக்கம் கனமாக இருந்தால் அதிகம் இறுக்க வேண்டும்; இறுக்கினால் கன்னத்து எலும்பில் பதியும். பிளேஸ்டேஷன் விஆர் இதைத் தலைகீழாக அணுகியது. நெற்றிக்கும் பின்மண்டைக்கும் இடையே ஒரு வளையத்தைப் பொருத்தி, பெட்டியை அதிலிருந்து தொங்கவிட்டதால், 610 கிராம் எடையிருந்தும் கன்னத்தில் ஏறத்தாழ எதுவும் படாது. அதற்குப் பிறகு வந்த நல்ல பட்டைகளில் பல இந்த யோசனையின் வாரிசுகளே. நெற்றி எலும்பு எடை தாங்கும். கன்னமும் மூக்குத்தண்டும் தாங்கா.

முகத்தில் படும் நுரைமெத்தையின் தன்மையும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. குவெஸ்ட் 2-இன் நுரைமெத்தையால் தோல் எரிச்சல் ஏற்படுவதாக ஆயிரக்கணக்கான புகார்கள் வந்ததால், 2021 ஜூலையில் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் மெத்தைகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிடப்பட்டு, அவற்றின் மேல் மாட்டிக்கொள்ளச் சிலிக்கோன் உறைகள் இலவசமாகத் தரப்பட்டன. சிலிக்கோனைத் துடைத்துச் சுத்தம் செய்வது எளிது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. சென்னையின் மே மாதத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் அணிந்தால், வியர்வை உறைக்குள்ளேயே தேங்கி லென்ஸில் ஆவி படியும். நம் தட்பவெப்பத்துக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறையை நுரையின் மேல் போட்டுக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம்.

கண்ணின் வசதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அருகிலிருக்கும் பொருளைப் பார்க்கும்போது கண்கள் உட்பக்கம் திரும்புவதும் விழிலென்ஸ் குவிவதும் இயல்பாக ஒருசேர நடக்கும். ஹெட்செட்டில் குவியம் ஒரே தொலைவில் நிலைத்துவிட்டதால் கைக்கெட்டும் தூரத்துப் பொருளுக்கு இவ்விரண்டும் முரண்படுகின்றன, கண் சோர்கிறது. குவியத்தை மாற்றிக்கொள்ளும் ஹாஃப் டோம் என்ற முன்மாதிரியை ஃபேஸ்புக் 2018-இல் காட்டியது. அதில் திரைகளையே பொறியால் முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். கண்ணுக்கு இதம், கழுத்துக்குக் கூடுதல் பாரம் என்பதால் அது கடைக்கு வரவில்லை. கண் நோக்குமிடத்தை அறிந்து அங்கே மட்டும் துல்லியமாக வரைந்து மற்ற இடங்களை மங்கலாக விடும் உத்தி நேர்மாறானது. சிப்பின் வேலை குறைவதால் சூடும் குறைகிறது. குளிர்விக்கும் உலோகத்தைக் குறைக்க அது வழிவிடுகிறது.

இனி, கையிலிருக்கும் ஹெட்செட்டுக்கு. துணிப்பட்டையோடு வந்ததென்றால், முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிடுங்கள். பின்மண்டையில் விரலால் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்படும். பட்டையின் பின்பகுதி அந்தப் புடைப்புக்குக் கீழே, பிடரி தொடங்கும் குழிவில் அமர வேண்டும். பலர் அதை மேலே ஏற்றிவிடுகிறார்கள். அங்கே பிடிமானம் இல்லாததால் வழுக்குகிறது, வழுக்குவதால் பக்கவார்களை இறுக்குகிறார்கள், இறுக்கியதால் கன்னம் வலிக்கிறது. பின்பகுதி அமர்ந்த பிறகு உச்சிவாரை இழுத்து, பெட்டியின் எடை அதில் தொங்கும்படி செய்யுங்கள். பக்கவார்களைப் பெட்டி ஆடாத அளவுக்கு மட்டும் கடைசியாக இறுக்குங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்: கன்னத்தில் சிவந்த தடம் ஆழமாகவும் நெற்றியில் தடமே இல்லாமலும் இருந்தால், உச்சிவார் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

இதன் பிறகும் பிடரி இறுகினால், பின்பக்கம் பேட்டரி கொண்ட கெட்டியான பட்டைக்குச் செலவிடுவது தகும். சட்டைப்பையில் பவர் பேங்க் வைத்து வடத்தால் இணைப்பதால் நேரம் கூடுமே தவிர, உள்ளே இருக்கும் பேட்டரி உள்ளேயே இருப்பதால் எடை குறையாது. அதே பவர் பேங்கைப் பட்டையின் பின்னால் கட்டினால் மின்சாரமும் எதிர் எடையும் சேர்ந்து கிடைக்கும். 150 முதல் 200 கிராமுக்குள் இருக்கும் சிறியதே போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை உள்ளே திணிப்பதைவிட, தங்கள் பவருக்கு ஏற்பச் செய்து கிடைக்கும் செருகு லென்ஸ்களைப் பொருத்திக்கொள்வது நல்லது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க முடிவதால் பெட்டியும் முகத்தோடு ஒட்டி வரும்.

புதிதாக வாங்குபவரானால், கடையில் மாட்டிப் பார்க்கும்போது நேராகப் பார்த்து ரசித்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். குனிந்து உங்கள் பாதங்களைப் பார்த்து, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். பெட்டி கன்னத்தை விட்டு விலகித் தொங்குகிறதா, மூக்கின் மீது இறங்குகிறதா, பிடரி உடனே இழுபடுகிறதா என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடும்.